முன்கண்ணாடி மாத்தப் போறவங்க கவனத்துக்கு

தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, நீங்க போன்ல பேசுனது காதுல உழுந்துச்சு. கார்ல முன்கண்ணாடி போயிருச்சுன்னு சொன்னீங்களே, மாத்தக் குடுத்துட்டா வந்தீங்க? நாளைக்குத்தான் குடுக்கறீங்களா? அப்ப நல்லதாப் போச்சு. சாமியாப் பாத்துத்தான் உங்களை என்ற பக்கத்துல உட்கார வெச்சிருக்குது. திருப்பூர்ல ஏறியிருக்கோம், காங்கேயம் போறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். நீங்க எது வரைக்கும்? கரூரா? செரி. நானு வெள்ளகோயில். என்ற பேரு நாச்சிமுத்துங்க. அங்க தேங்காக் களம் வெச்சிருக்கேன்.

முதல்ல இதைப் புடிங்க. நோட்டீஸ்தான். பயப்படாதீங்க, சாமி நோட்டீஸ் இல்ல, கட்சி நோட்டீஸும் இல்ல. 'கார் முன்கண்ணாடி மாத்தப் போறவங்க கவனத்துக்கு'. நானே எழுதி நானே அச்சடிச்சது. மேல 'பொதுநலன் கருதி வெளியிடுவோர்'னு போட்டுக் கீழ பேரு போடல. பேரெதுக்குங்க. பொதுநலன்தானே.

உங்க கண்ணாடில கீறல் எவ்வளவு நீளம்? பொட்டளவு இருந்தா மாத்தவே வேண்டாமுங்க, பசைய உள்ள ஏத்தி அடைச்சுருவாங்க. அதை எந்தக் கடைக்காரனும் அவனா சொல்லமாட்டான். ஒரு முழம் ஓடிருச்சா? அப்ப மாத்தித்தான் ஆகோணும். மூலைல முத்திரை இருக்கும், அதைப் பாருங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சவ்வு வெச்சு ஒட்டுனதான்னு கேளுங்க, அதுதான் ஒடைஞ்சாலும் மூஞ்சில சிதறாது. பழைய கண்ணாடிய எடுத்தப்பறம் கீழ இருக்கற தகரத்துல துரு இருக்குதான்னு நீங்களே குனிஞ்சு பாக்கோணும். துரு மேல ஒட்டுனா மழைக்கு ஒழுகும். கண்ணாடிக்கு மேல கேமரா வெச்ச வண்டியா? அப்ப அதை மறுக்கா சரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க, இல்லாட்டி அது ரோட்டைக் கோணலாப் பாக்கும். டோல்கேட் ஸ்டிக்கர் பழைய கண்ணாடியோட போயிரும், அதை மறந்துட்டு வரிசைல நின்னு அசிங்கப்படாதீங்க. எல்லாம் நோட்டீஸ்ல இருக்குது. ஒம்பது விஷயம்.

இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? வெறுப்புங்க. பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவ பெயிலானவன் நானு. ஒம்பது மாசமா ஒரு ஆள் மேல இருக்கற வெறுப்புல ஒக்காந்து படிச்சேன். இப்ப எந்தக் கண்ணாடிக் கடைக்காரனும் என்ற முன்னால நின்னு பேச முடியாது.

அந்த ஆளு பேரு லோகநாதன். காங்கேயத்துல தாராபுரம் ரோட்டுல 'லோகு ஆட்டோ கிளாஸ்'. அவன் கடை ஷட்டர் எறங்கோணும். அதுதான் எனக்கு வேணும். நஷ்டஈடு கிஷ்டஈடு ஒண்ணும் வேண்டாம். ஷட்டர் எறங்கி, அது துருப் புடிச்சு, அந்தத் துருவை நானு ஒரு நாள் போயி விரல்ல தொட்டுப் பாக்கோணும். அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

லோகு யாரா? என்ற மச்சினன்தான். அதோ பாருங்க, முன்னால மூணாவது சீட்ல, ஜன்னலோரம், மஞ்சச் சீலை கட்டிட்டு உட்காந்திருக்கறாளே, அவ என்ற சம்சாரம் பூங்கோதை. அவ கூடப் பொறந்த தம்பி. ஒரே தம்பி. ஏன் இப்பிடிப் பாக்கறீங்க? சொந்தக்காரன் தப்புப் பண்ணினா தப்பில்லைன்னு ஆயிருமா?

அவ ஏன் அங்க உட்காந்திருக்கறான்னா, பக்கத்துல எடம் இருந்துச்சுங்க. நானு உட்காரத்தான் போனேன். பைய இழுத்து அந்த எடத்துல வெச்சுட்டா. போச்சாது உடுங்க, அதைக் கடைசில சொல்றேன்.

போன ஆவணி மாசமுங்க. ஜல்லி ஏத்திட்டுப் போன லாரிக்குப் பின்னால போயிட்டிருந்தேன். சொத்துன்னு ஒரு கல்லு. வண்டி எடுத்து எட்டு மாசந்தான் ஆச்சு. கீறல் இந்தக் கோடிலிருந்து அந்தக் கோடி. எங்க சோசியருகிட்டச் சொன்னேன். ஒடைஞ்ச கண்ணாடியோட வண்டி வாசல்ல நிக்கப்படாது, வெள்ளிக்கெழமை மாத்து, மாத்தின வண்டி முதல் உருட்டு நல்ல நேரத்துல உருளோணும், நேரா குலசாமி கோயிலுக்குப் போயிட்டு அப்பறந்தான் வேற எங்கயும் போகோணும்ன்னு சொன்னாரு. வெள்ளிக்கெழமை பத்தரைக்கு ராகு காலம். ஒம்பதே காலுலயிருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். கேட்டுக்கிட்டீங்களா? சோசியரு மேல எந்தத் தப்பும் இல்ல.

லோகுகிட்டத்தான் குடுத்தேன். சொந்தக்காரன் இருக்கையில வேறெங்க போறது. நானும் பூங்கோதையும் போறப்ப, காலைல ஏழு மணிக்கே கடை தொறந்து வெச்சிருந்தான், எனக்காக. அதை நானு இல்லைங்கல. கம்பி போட்டுப் பழைய கண்ணாடிய அறுத்து எடுத்தான், தகரத்தைச் சுரண்டினான், கருப்புப் பசையச் சுத்தி வரப் பிசிறில்லாம ஓட்டினான். புதுக் கண்ணாடியத் தூக்கி வெச்சு ஒரே தடவல உக்கார வெச்சுட்டான். வேலைல சுத்தமுங்க அவன். அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒம்பதரைக்கு முடிச்சுட்டான்.

முடிச்சுட்டுக் கையத் தொடைச்சுக்கிட்டே சொல்றான், "மாமா, பசை இறுகோணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கங்க."

அஞ்சு மணிக்கு! எனக்கு எப்பிடி இருந்திருக்கும்ன்னு நெனைச்சுப் பாருங்க. களத்துல வேலைக்கு வர்ற பொம்பளைங்க கூட என்னைய அஞ்சு நிமிசம் காக்க வெக்கமாட்டாங்க. நானு சொன்னேன், "மாப்ளே, பத்தே காலுக்குள்ள வண்டி கோயிலுக்குக் கெளம்போணும்."

"மாமா, அந்தப் பசை இறுகற வரைக்கும் கண்ணாடி சும்மா சாஞ்சு நிக்குது, அவ்வளவுதான். நீங்க கதவ அடிச்சுச் சாத்தினாலே உள்ள இருக்கற காத்து அதைத் தள்ளும்."

"அப்ப சாமி காரியத்தை ராகு காலத்துல பண்ணச் சொல்றியா?"

அதுக்கு அவன் ஒரு யோசனை சொன்னானுங்க. கேளுங்க இந்தக் கூத்தை. "டயருக்கடில எலுமிச்சம்பழத்தை வெச்சு, நல்ல நேரத்துல ரெண்டடி முன்னால உருட்டுங்க மாமா. முதல் உருட்டு முடிஞ்சுது. அப்பிடியே நிறுத்திட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போங்க" அப்பிடிங்கறான். ரெண்டடி! ரெண்டடி உருட்டறதுக்குப் பேரு பயணமா? குலசாமிய ஏமாத்தச் சொல்றானுங்க என்னைய. எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. மூணு தடவ சொன்னான், அஞ்சு மணி, அஞ்சு மணின்னு. நானு ஆணில தொங்குன சாவிய எடுத்துட்டேன்.

எடுத்தது நாந்தான். யாரு இல்லைன்னா? ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, ஒருத்தன் கோவத்துல சாவிய எடுக்கறான். எடுத்தா உட்டுர்றதா? கையப் புடிச்சுருக்கோணுமில்ல? வண்டிக்கு முன்னால வந்து நின்னுருக்கோணுமில்ல? உட்காரப் போறது யாரு, அவன் அக்கா. பெத்த தாயி செத்தப்பறம் எடுத்து வளத்த அக்கா. அவ போயி முன்சீட்ல உட்கார்றா, இவன் கையக் கட்டிட்டு நிக்கறான். 'மாமா கதவ மெதுவாச் சாத்துங்க, ஜன்னலைக் கொஞ்சம் எறக்கி உடுங்க'ன்னு பின்னாலயே கத்துனான். கத்துனா ஆயிருச்சா? தடுக்கல. அதுதான் என்ற கேஸு. தடுக்கல.

கதவா? சாத்தினேன். கோவத்துல இருக்கறவன் எப்பிடிச் சாத்துவான்? ஜன்னலைச் சாத்திட்டு ஏசி போட்டேன். புதுக் கண்ணாடி, நல்ல வெயிலு, ஏசி போடாம என்ன பண்றது.

முத்தூர் ரோட்டுல பாதி தூரம் போயிருப்போம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள கோயில் வாசலை மிதிச்சரோணும்ன்னு கொஞ்சம் வெரசாத்தான் போனேன். செம்மறியாட்டுக் கூட்டம் ஒண்ணு வேலிலிருந்து அப்பிடியே ரோட்டுக்கு வந்துருச்சு. ஸ்டீரிங்கை ஒடிச்சேன். ஓடைப் பாலத்துக் கட்டைல போயி மோதிருச்சு. பெரிய மோதல் இல்லீங்க. வண்டில காத்துப்பை இருக்குதில்ல, அது ரெண்டும் படார்ன்னு வெடிச்சுது. என்ற பக்கம் பை என்னையத் தாங்கிருச்சு. அவ பக்கம் பை இருக்குதே, அது எந்திரிக்கறப்ப முன்கண்ணாடில முட்டி அதுல சாஞ்சுதான் திரும்பி மடிக்கு வருமாம். அப்பறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்குச் சாயறதுக்குக் கண்ணாடி இல்லீங்க. கண்ணாடி ஒரு ஒடசல் இல்லாம முழுசாப் பேந்து பானெட்டு மேல சறுக்கிக் கீழ போயிருச்சு. பையும் அது கூடவே வெளிய போயிருச்சு. அவ நேராப் போயி டேஷ்போர்டுல மோதினா. பெல்ட்டு போட்டிருந்ததால உசுரு தப்பிச்சுது. வலது தோளு நொறுங்கிப் போச்சு. உள்ள தகடும் ஸ்க்ரூவும் வெச்சிருக்காங்க.

அந்தப் புழுதிக்குள்ள அவ முதல்ல என்ன கேட்டாத் தெரியுங்களா? "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" அப்பிடின்னா. எனக்கு ஒண்ணுமே ஆகலைங்க. ஒரு சிராய்ப்பு கூட இல்ல.

ஆஸ்பத்திரிக்கு லோகு ஓடி வந்தான். வராண்டாவுல நின்னு அழுதான். "நானு சாவியக் குடுத்துருக்கக் கூடாது மாமா, என்ற தப்புதான்"ன்னு அவன் வாயாலயே சொன்னானுங்க. கேட்டுக்கிட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான். அங்கயே சொன்னேன் நானு: "உன்ற கடைய மூட வெக்கல, என்ற பேரு நாச்சிமுத்து இல்ல. இனி என்ற ஊட்டு வாசல் மிதிச்சே, காலை ஒடிச்சுப்போடுவேன்." அன்னைக்குப் போனவன் வர்ல. அக்காளுக்குத் திராட்சை வாங்கி யாருகிட்டயாச்சும் குடுத்து உடுவான். மாட்டுக்குப் போட்டேன்.

அப்பறம் ஆரம்பிச்சனுங்க என்ற வேலைய. சும்மா இல்ல. களத்துல வேலை பாக்கறவங்க, கூட்டாளிங்க, கூட்டாளிங்க பசங்க, அத்தனை பேர் போன்லயும் அவன் கடைக்கு ஒத்தை நட்சத்திரம் போட வெச்சேன். 'ஏமாறாதீர்கள்'ன்னு எழுத வெச்சேன். ஒருத்தன் தெரியாம அஞ்சு நட்சத்திரம் போட்டு 'ஏமாறாதீர்கள்'ன்னு எழுதிட்டான், அவனை மறுக்கா உட்கார வெச்சு மாத்தச் சொன்னேன். காங்கேயத்துல ரெண்டு கல்யாண மண்டபம் இருக்குது, முகூர்த்த நாள்ல அங்க நிக்கற கார் ஒவ்வொண்ணு வைப்பர்லயும் நோட்டீஸு. அவன் கடைக்கு எதுத்தாப்புல பேக்கரி இருக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் புடிச்சுப் போயி அங்க உட்காருவேன். கண்ணாடி ஒடைஞ்ச வண்டி ஒண்ணு அவன் கடைப் பக்கம் திரும்பினா எந்திரிச்சுப் போயி டிரைவர்கிட்ட நோட்டீஸைக் குடுத்துட்டு வருவேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசுனா அவதூறுங்கறாங்க. நோட்டீஸ்ல அவன் பேரு இல்லையே! பொதுவா அறிவுரைதானே!

அவன் கடைக்குள்ளிருந்து பாப்பான். பாத்துட்டு உள்ள போயிருவான். ஒரு நாள் பேக்கரிக்காரன் எனக்கு டீய வெச்சுட்டு, "சர்க்கரை போடலீங்க, உங்களுக்கு ஆகாதுன்னு எதுத்த கடைல சொல்லிட்டுப் போனாரு"ங்கறான். திமிரைப் பாத்தீங்களா? எனக்குச் சர்க்கரை இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கறான். அன்னைக்கு ரெண்டு ஸ்பூன் எச்சாப் போடச் சொல்லிக் குடிச்சேன்.

தை மாசத்துக்குள்ள அவன் கடைக்கு வண்டி வர்றது பாதியாக் கொறைஞ்சிருச்சு. நானு பாக்கறனே. மத்தியானம் முச்சூடும் ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்காந்திருப்பான். எனக்கு அன்னைக்கெல்லாம் சோறு ரெண்டு கை எச்சா எறங்கும். மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது, சந்தோசமா இருந்துச்சு. நல்லா வேணும்ன்னு இருந்துச்சு.

என்ன தேடறீங்க? ஒட்டுனப்பறம் எவ்வளவு நேரம் உடோணும்ங்கறதா? அது நோட்டீஸ்ல இல்லீங்க. எடம் பத்தல.

இல்ல, பின்பக்கம் எடம் இருக்குதுதான். அது... அச்சாபீஸ்காரன் ஒரு பக்கம் போதும்ன்னுட்டான். உடுங்க.

இதே கேள்விய பூங்கோதையும் கேட்டா. கட்டிலுக்கடில நோட்டீஸ் கட்டு இருந்ததைப் பாத்துட்டா. இடது கையால ஒண்ணை எடுத்து மேலிருந்து கீழ வரைக்கும் படிச்சா. "ஒம்பதுதான் இருக்குது"ன்னா. "ஆமா"ன்னேன். "என்ற தம்பி மூணு தடவ சொன்னது இதுல இல்லியே"ன்னா. நானு கட்டை மறுக்கா கட்டிலுக்கடில தள்ளுனேன். அவ அதுக்கப்பறம் ஒண்ணும் பேசல. ஒத்துக்கிட்டான்னு நெனைச்சேன். பொம்பளைங்க பேசாம இருந்தா ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

அப்பறந்தான் நுகர்வோர் கோர்ட்டு. வக்கீல் சொன்னாரு, அடிபட்டது உங்க சம்சாரம், அவங்க பேருலயும் மனு இருந்தாத்தான் நிக்கும்ன்னு. எழுதிட்டு வந்தாரு. 'வாகனத்தை எத்தனை மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பதை எதிர்மனுதாரர் தெரிவிக்கவே இல்லை.' அவகிட்டக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வலது கை தூக்க வராதே, இடது கையாலதான் போட்டா. படிச்சுப் பாத்தாளான்னு நானு கேக்கல. புருசன் நீட்டுனதுல போட்டா, அவ்வளவுதான்.

இன்னைக்கு விசாரணை. அங்கிருந்துதான் வர்றோம். லோகுவும் வந்திருந்தான். வக்கீல் கூட வெக்கல, ஒத்தையாளா வந்து நின்னான். எளைச்சுப் போயிருக்கறான். எனக்குப் பாக்கப் பாக்கக் குளுகுளுன்னு இருந்துச்சு. அந்தக் கோர்ட்டுக்கு ஜட்ஜு மாதிரி ஒரு தலைவரம்மா, அவங்க அவனைக் கேட்டாங்க, "எப்ப வண்டிய எடுக்கணும்னு சொன்னீங்களா இல்லையா?" அவன் என்னையப் பாத்தான், அவளைப் பாத்தான். "நான் ஒண்ணும் சொல்ல விரும்பலீங்க அம்மா, அவங்க என்ன சொல்றாங்களோ அதே இருக்கட்டும்"ன்னுட்டான்.

எனக்கு உள்ளுக்குள்ள வெடி வெடிச்ச மாதிரி ஆயிருச்சு. செயிச்சாச்சுங்க! கேஸு முடிஞ்சு போச்சு! ஷட்டரு எறங்குது! வக்கீல் என்ற தொடையத் தட்டறாரு. அப்ப அந்தத் தலைவரம்மா பேனாவ வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம இவளைப் பாத்துக் கேக்கறாங்க, "நீங்களும் அங்கதானம்மா இருந்தீங்க?"

இவ எந்திரிச்சா. "இருந்தனுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குன்னு மூணு தடவ சொன்னான். இவரும் மூணு தடவ கேட்டாரு. நானும் கேட்டேன். கேட்டுட்டும் வண்டில ஏறி உட்காந்தேன் பாருங்க, அது என்ற தப்பு. மனுவுல இருக்கறது பொய்யுங்க. என்ற தோளு போனது போயிருச்சு. அதை வெச்சு என்ற தம்பிய அடிக்க வேண்டாம்ன்னு இவருகிட்டச் சொல்லுங்க."

இத்தனை நாளாப் பேசாதவ, அவ்வளவு பேருக்கு முன்னால இதைப் பேசறா தம்பி. கொரலு கூட ஒசத்தல. தலைவரம்மா மனு தள்ளுபடின்னு சொல்லிப் பேனாவ மூடி வெச்சுட்டாங்க. வக்கீலு என்ற பக்கத்துல இருந்து ஒரு அடி தள்ளி நின்னுக்கிட்டாரு. இப்ப அவரு போன் எடுக்கமாட்டேங்கறாரு.

வெளிய வந்ததும் புடிச்சுக் கேட்டேன், "என்னைய மண்ணுல போட்டு மிதிச்சுட்டியே, உனக்குத் திருப்தியா?" அதுக்கு அவ, "லோகுகிட்ட நேர்ல போயி, நாந்தான் சாவிய எடுத்தேன், உன் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க. அது வரைக்கும் நானு அவன் ஊட்டுல இருக்கறேன்"ன்னா. அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால நடந்தா, நானு பின்னால வந்தேன். காங்கேயத்துக்கு அவளே டிக்கெட் எடுத்துக்கிட்டா. எனக்குக் கண்டக்டர் வந்து, "அந்தம்மா அவங்களுக்கு மட்டும் எடுத்துட்டாங்க, உங்களுக்கு எங்க?"ன்னு கேக்கறாரு. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

நானு போவனா? நானு போயி அவன் முன்னால நிக்கறதா? மேல்முறையீடு இருக்குதுங்க, மெட்ராஸ்ல. உடமாட்டேன். வேற வக்கீல் வெப்பேன். பொண்டாட்டி தம்பிக்காகச் சாட்சி மாத்திச் சொன்னான்னு எழுதச் சொல்லுவேன். அவ கையெழுத்து இருக்குதில்ல மனுவுல? இடது கையெழுத்துன்னா என்ன, கையெழுத்து கையெழுத்துதானே? அவளையும் சேத்துக் கூண்டுல ஏத்துவேன். அக்காளும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும். நோட்டீஸு இன்னும் ஆயிரம் அடிக்கறேன். இந்தத் தடவ பேரு போட்டே அடிக்கறேன்.

வந்துருச்சா காங்கேயம்?

எறங்கறா பாருங்க. பையக் கூடத் தூக்க முடியல அவளால. கண்டக்டரு எறக்கிக் குடுக்கறாரு. பாத்தீங்களா, அவருகிட்டக் காட்ற மொகத்தை என்றகிட்டக் காட்டமாட்டா. அதோ, பழக்கடை ஓரமா நிக்கறான் பாருங்க, கோடு போட்ட சட்டை, அவன்தான் லோகு. முன்னாலயே பைக்ல வந்து நிக்கறான் போல. பைய வாங்கிக்கறான். அவ என்னமோ சொல்றா. இந்தப் பக்கம் பாக்கறாளா? எனக்கு அந்தக் கம்பி மறைக்குது, நீங்க பாத்துச் சொல்லுங்க. பாக்கலியா?

எந்திரிச்சனா? இல்லீங்க. வேட்டியச் சரி பண்ணினேன்.

போகட்டும். எனக்கென்ன, சோறாக்கத் தெரியாதா? ஒம்பது மாசமா நாந்தான் ஆக்கறேன். மருந்து குடுக்கறது நானு, தோளுக்கு எண்ணெய் போடறது நானு. தலைக்கு மேல கை போகாதுங்க அவளுக்கு, அதனால காலைல சடை பின்னி உடறதும் நாந்தான். தேங்கா உரிச்ச கைக்குச் சடை பின்ன வருமான்னு முதல்ல ரெண்டு நாள் அவளே சிரிச்சா. இப்ப நல்லா வரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்து, வலது பக்கத்தை மட்டும் லூசா உட்டுப் பின்னோணும். அந்தப் பக்கம் சித்த இறுக்கி இழுத்தாலும் தோள்ல இருந்து கழுத்து வரைக்கும் சுருக்குன்னு புடிச்சுக்கும். ஒரு நாள் அப்பிடி இழுத்துட்டு, அவ கண்ணுல தண்ணி வந்ததைக் கண்ணாடில பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. வலிக்குதுன்னு சொல்லமாட்டா. யாருகிட்டயும் சொல்லமாட்டா.

கண்டக்டரு விசில் அடிச்சுட்டாரே. கெளம்பிருச்சு.

நாளைக்குக் காலைல லோகு சம்சாரம் பின்னி உடுவா. நல்ல புள்ளதான் அது, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அதுக்குத் தெரியாதில்ல. எல்லாருக்கும் பின்ற மாதிரி இறுக்கித்தான் பின்னும்.

ஏனுங்க தம்பி, அதை அங்க யாரு சொல்றது?